குமிழ் திரும்பும் பக்கம்

ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'இறங்கி'. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருக்கிறது. ஓடை வந்தால் இறங்கிக் குச்சியால் ஆழம் பார்ப்பார். சேறு வந்தால் இறங்கி டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பார். ஓடையைக் கடந்த பிறகு பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி ஈரத்தைப் போக்கிக்கொண்டே ஊர்வார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலறவிட்டு, "இறங்கி, இன்னிக்குள்ள போய்ச் சேருவியா?" என்று கத்துவார்கள்.

சேருவார், வண்டியும் முழுசாகச் சேரும். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், மனிதர் சுத்தப் பயந்தாங்கொள்ளி. வேறு தொழில் தெரியாததால் அந்தப் பயத்தோடேயே குடித்தனம் நடத்திவந்தார்.

ஜீப்பும் பழசு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் உள்ளே கியர்க் கம்பியைத் தள்ளினால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் குமிழைத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஏற்றத்துக்கு முன்னால் அதற்கும் இறங்குவார்.

ஒருநாள் மட்டும் ஏற்றத்துக்கு இறங்கவில்லை. மலைமேல் பள்ளிக்கூடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை. கல்யாணமான சூட்டோடு மகளையும் மாப்பிள்ளையையும் குடிவைக்க, பெட்டி, மெத்தை, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். ஓடைக்கு ஒருதரம், சேற்றுக்கு ஒருதரம் இறங்கி ஏறியதும் மாப்பிள்ளை, "மாமா, நீங்க ஓட்டுறதை விட நடக்கிறதுதான் அதிகம் போல" என்றார். மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மகள் சிரித்ததுதான் அவருக்குச் சுருக்கென்றது. ஏற்றம் வந்ததும் வீம்புக்கு உட்கார்ந்தபடியே கம்பியைத் தள்ளி வண்டியை ஏற்றினார்.

பாதியில் களிமண். பின்சக்கரங்கள் சும்மா சுழன்றன. வண்டி நின்று, பின்னால் வழுக்கியது. பிரேக்கில் ஏறி நின்றார். அப்படியும் ஒரு முழம் போய்த்தான் நின்றது. காலை எடுத்தால் மறுபடி வழுக்கும். இடப்பக்கம் பள்ளம். பின்சீட்டில் மகள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கதவைத் திறந்தால் கால் வைக்கத் தரை இல்லை. இந்தப் பக்கம் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

"அசையாதே கண்ணு. மூச்சை மட்டும் விடு" என்றார். "மாப்ள, சக்கரத்துக்குப் பின்னாடி கல்லைப் போடுங்க. அப்புறம் குமிழைத் திருப்புங்க."

முன்சீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு இறங்கிக் கல்லைப் போட்ட மாப்பிள்ளை, சட்டையெல்லாம் சேறாக, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் திருப்பணும் மாமா?"

இறங்கி ஆயிரம் தரம் திருப்பியிருக்கிறார், ஆனால் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் மகள் போய்விடுவாள்.

"மாமா, சொல்லுங்க!"

கண்ணை இறுக மூடினார். எதிரே சக்கரம் இருப்பதாக நினைத்துக் கையை நீட்டினார். கை தானாக வலப்பக்கம் திரும்பியது.

"இப்படி. ரெண்டுமே இப்படித்தான்."

மாப்பிள்ளை ஒன்றைப் பூட்டினார். பள்ளத்துப் பக்கம் வயிற்றால் வண்டியை உரசியபடி போய் மற்றதையும் பூட்டினார். இறங்கி கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி முனகிக்கொண்டு ஏறியது.

மேலே, பள்ளிக்கூடத்து மைதானத்தில், சமதரையில் நிறுத்தினார். பின்னாலேயே ஓடிவந்த மாப்பிள்ளை, பெட்டியை இறக்கி மகளுக்கு வழிவிட்டார். அவள் இறங்கிவந்து அப்பாவின் கதவைத் திறந்தாள். அவர் கால் இன்னும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

"அப்பா, வந்துட்டோம்ப்பா. காலை எடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ முதல்ல இறங்கு கண்ணு. அப்புறம் எடுக்கிறேன்."