கம்பி இல்லாத தண்டவாளம்

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ரொறன்ரோவில் அவர் நம்பியது, வீதித் தண்டவாளத்தில் மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் ஸ்ட்ரீட்காரை மட்டும்தான். "பஸ் எங்கையும் திரும்பும், பிள்ளை. உது தண்டவாளத்தை விட்டுப் போகாது," என்பார். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்கு அதிலேதான் போய்வந்தார். அந்த வேலை போகக்கூடாது. கொழும்பு லொட்ஜில் ஒவ்வொரு இராணுவச் சுற்றிவளைப்புக்கும் பயந்திருந்த தம்பியைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் செய்ய என் சம்பளம் மட்டும் போதவில்லை.

நான் ஒரு பொறியியல் அலுவலகத்தில் சிறிய நகரங்களின் வீதிகளை வரைந்துகொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு காலத்தில் ஸ்ட்ரீட்கார் ஓடியது. ஆலைக்கு, சந்தைக்கு, ஏரிக்கரைக்கு. பிறகு கார்கள் பெருகின, பஸ் வந்தது, மின்கம்பிகளைக் கழற்றினார்கள். தண்டவாளத்தைத் தோண்டுவது செலவென்று தார் ஊற்றி மூடிவிட்டார்கள். என் படங்களில் அவை புள்ளிக்கோடுகள்.

ஒரு பனிக்காலக் காலை, அம்மாவோடு வேலை செய்யும் அன்ரி அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"அம்மா இன்னும் வரேல்லை, பிள்ளை. இண்டைக்கு ஸ்ட்ரீட்கார் இல்லை, பஸ்தான் விட்டிருக்கிறாங்கள். அவ பஸ்ஸைக் கண்டா மாமியாரைக் கண்ட மாதிரியெல்லே நிப்பா. கெதியா வராட்டி சுப்பவைசர் வேறை ஆளைப் போட்டிடுவார்."

பாதையில் திருத்தவேலை. பஸ் வேறு வீதியால் சுற்றிப் போகும். அம்மா பயந்து இடையில் இறங்கியிருப்பார். இறங்கினால் நிலத்தைப் பார்ப்பார், தண்டவாளம் தேடுவார். அந்தச் சுற்றில் தண்டவாளம் உள்ள வீதிகளை மனதில் அடுக்கினேன்: மூன்று. முதல் இரண்டில் இறங்கியிருந்தால் ஸ்ட்ரீட்கார் பிடித்து இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். மூன்றாவதில் இப்போது எதுவும் ஓடுவதில்லை.

அங்கே ஓடினேன். அம்மா அங்கேதான் நின்றார். தண்டவாளம் தாருக்குள் மறையும் இடத்தில், சாப்பாட்டுப் பையோடு. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"இதைப் பிடிச்சு நடந்து வந்தனான். இதிலை நிண்டா வரும்தானே?"

"வராதம்மா. மேலை பாருங்கோ, கம்பி இல்லை."

நிமிர்ந்து பார்த்தார். "ஓடாததை ஏன் கழட்டாமல் விட்டிருக்கிறாங்கள்?"

பதில் எனக்குத் தெரியும். மூலையில் இருந்த ஃபோன் பூத்திலிருந்து ஹோட்டலுக்கு எடுத்தேன். சுப்பவைசர் மரியாதையாகவே பேசினார். ஆள் போட்டாயிற்று, இனி வரவேண்டாம்.

திரும்பி வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். "போட்டிட்டாங்களோ?"

"ஓம்."

"தம்பிக்கு என்னெண்டு சொல்லுறது?"

அம்மா குனிந்து, சப்பாத்து நுனியால் பனியை விலக்கத் தொடங்கினார். தாருக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் மீதியைத் தேடினார்.