பால்பவுடர் டின்னில் வந்த கார்

அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை மூக்கருகே கொண்டுபோனால் பால்பவுடர் வாசனை அடிக்கும். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, பெரிய பால்பவுடர் டின் ஒன்றில் அவற்றை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அனுப்பியிருந்தாள். அதே ஊரில் வேலை செய்துவிட்டு லீவில் வந்த எங்கள் தெரு சரோஜக்கா தன் சேலைகளுக்கு நடுவே வைத்து அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாயில் கொட்டியபோது சிவப்பும் கருப்பும் சாம்பலுமாக, ஓட்டை ஓட்டையாகப் போட்ட பட்டைகளும், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஆணிகளும், பல் சக்கரங்களும், நான்கு ரப்பர் டயர்களும் உருண்டன. அட்டைப் பெட்டி இல்லை, எப்படிக் கட்டுவது என்று காட்டும் புத்தகம் இல்லை, ஒரு படம்கூட இல்லை.

அப்போது நாங்கள் ரேணிகுண்டாவில், தண்டவாளத்தை ஒட்டிய ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். சொந்த ஊர் சித்தூருக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையோரம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; லாரிக்கு ‘பாடி’ கட்டும் ஷெட்டில் அவர் வெல்டர். ஊரில் சுவரோடு நின்றுபோன வீட்டுக்குக் கூரை போட்டுவிட வேண்டும் என்றுதான் அம்மா விமானம் ஏறினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படிப் போவது யாருக்கும் அதிசயமில்லை. எனக்கு மட்டும் அது அதிசயமாகவும் அநியாயமாகவும் இருந்தது.

குவைத்தில் அம்மா வேலை செய்த வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியே போய்விடுவார்கள். இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவின் போன் வரும். டின் வந்து சேர்ந்த வாரம் அவள் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

“அது காருடி கண்ணு. ரேசு காரு. ரெண்டே பேரு குந்திக்கினு போறது. நான் சொல்லிக்கினே வரேன், நீ கட்டிக்கினே வா.”

அந்த வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனோடு உட்கார ஆளில்லை. மதிய நேரங்களில் அம்மா தரையில் உட்கார்ந்து துண்டுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க, அவன் அந்தக் காரைக் கட்டுவானாம், பிரிப்பானாம், மறுபடியும் கட்டுவானாம். வேறு பெரிய விளையாட்டுச் சாமான் வந்ததும் இதை ஒரு பையில் கட்டி அவள் கையில் கொடுத்து, உன் பெண்ணுக்கு அனுப்பு என்று சொன்னானாம். அதற்குள் அம்மாவுக்குக் கார் முழுதும் மனப்பாடமாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் அம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, என் அம்மாவை இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறானே என்று வயிறு எரிந்தது.

“நீட்டுப் பட்டை ரெண்டு எடு. ரெண்டும் ஒரே அளவா இருக்கணும், ஓட்டைய எண்ணிக்கினியா? கருப்பு ஆணி இறுக்கமாப் போவும், சாம்பலு ஆணி லூசா சுத்தும். மாத்திப் போட்டுறாத.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் கட்டுவேன். நைனா கட்டிலில் படுத்தபடி, தொடாமல், பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மா ஏதாவது ஒன்றுக்குப் பேர் தெரியாமல் தடுமாறினால் அவர் அங்கிருந்தே, “அது ஆக்சிலு”, “அது சேஸி” என்பார். முதலில் அடிச்சட்டம் வந்தது. அப்புறம் ஸ்டியரிங். சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் முன்டயர் இரண்டும் ஒன்றாகச் சாயும். அது முதன்முதலாகச் சாய்ந்த அன்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு இருக்கைகள் வந்தன, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் வந்தன.

அம்மா எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவாள். குரலைத் தணித்தால் போன் செலவு குறையும் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். சில நாள் பேச்சு நடுவிலேயே அறுந்துவிடும். “கடைசிலேர்ந்து மூணாவது…” என்று ஒருமுறை நின்றுவிட்டது. எந்தக் கடைசி, எதில் மூன்றாவது என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க ஒவ்வோர் ஓட்டையாகச் செருகிப் பார்த்தேன். பின்பக்க என்ஜினைத் தொடங்கிய வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். “ஆணிய சொருவு, அப்பால…” என்றாள். தூரத்தில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு போன் வரவேயில்லை.

நாங்கள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. நைனா ஏஜென்டைத் தேடித் திருப்பதிக்குப் போனார். “ஏம் காலேதன்னா, பாகனே உந்தி” என்று, ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று, அந்த ஆள் ஒவ்வொரு முறையும் அதே தெலுங்கில் சொல்லி அனுப்பினான். அப்புறம் நைனா திங்கட்கிழமைதோறும் பஸ் பிடித்துச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார். திரும்பி வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஷெட்டில் வேலை குறைந்தது, வீட்டில் பேச்சு நின்றது. “துன்னியா?” என்று அவர் கேட்பதும் நான் தலையாட்டுவதும்தான் எங்கள் பேச்சு.

நான் காரைக் கட்டினேன். எங்களைச் சுற்றி எல்லோரும் எதையாவது வேண்டிக்கொள்கிறவர்கள்தான். திருமலைக்கு அலிபிரியிலிருந்து முட்டி போட்டே படி ஏறுகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள், முடி கொடுக்கிறேன் என்பார்கள். நான் யாரிடமும் சொல்லாமல், கார் முடிகிற அன்றைக்கு அம்மா வந்துவிடுவாள் என்று முடிவு செய்திருந்தேன். சொல்லித் தர ஆளில்லாத பின்பாதி என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. நைனாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது ஷெட்டில் லாரியின் பின்னச்சைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நடுவில் இருக்கும் பல் சக்கரக் கூடு எப்படி இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்று பார்த்துவந்து, அதே மாதிரி செருகுவேன். தப்பாகிப்போகும். பிரிப்பேன். ஒருநாள் நைனா கட்டிலைவிட்டு இறங்கி வந்தார். கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்த பல் சக்கரம் ஒன்றை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டு, “சீக்கிரம் முடி” என்றார். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

முடித்தேன். தரையில் வைத்துத் தள்ளினால் பின்சக்கரத்தோடு சேர்ந்து என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்தன. அன்றைக்கு அம்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாமி படத்துக்குக் கீழே அது தூசி படிந்து கிடந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் வாசலில் தெருவே கூடியிருந்தது. எம்பசிக்காரர்கள் டிக்கெட் போட்டு அனுப்பினார்களாம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளை நான் முதலில் அடையாளம் காணவில்லை. தலைமுடி கட்டையாக வெட்டப்பட்டிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. அதன் விரல்கள் கோணலாக விறைத்திருந்தன. என்னைக் கட்டிக்கொண்டபோது அந்தக் கை மட்டும் சேரவில்லை.

ஆட்கள் கலைந்ததும் நான் ஓடிப்போய்க் காரைக் கொண்டுவந்து அவள் காலருகே தள்ளினேன். “முழுசும் கட்டிட்டேன் பாரும்மா.”

அம்மா கட்டிலின் மேல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

“இது இன்னுமா இங்க கீது? யாராச்சும் பாத்தாங்களா?”

நைனா அவள் தோளைப் பிடித்தார். அப்போதுதான் சொன்னாள். அந்தப் பையனின் அம்மா ஒருநாள் காரைத் தேடியிருக்கிறாள். விலை அதிகமான சாமானாம். இவள்தான் திருடி ஊருக்கு அனுப்பிவிட்டாள் என்று போனைப் பிடுங்கி, அறையில் போட்டுப் பூட்டி, விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். வெகுநாள் கழித்துத்தான் தப்பியோடி எம்பசிக்குப் போயிருக்கிறாள். நான் என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

“நான் திருடலடி” என்றாள், நைனாவிடம் இல்லை, என்னிடம். “அந்தப் புள்ளதான் குடுத்தான். நீ நம்புறியா?”

“நம்புறேம்மா.”

“அப்ப பிரிச்சுடு. முழுசா இருக்கக் கூடாது.”

அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினேன். நைனா எல்லாவற்றையும் டின்னில் அள்ளிப்போட்டு எடுத்துக்கொண்டு போனார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது சித்தூரில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நைனா இல்லை. ரேணிகுண்டாவில் எங்கள் வாடகை வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். லாரி ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. மறுபடியும் குவைத்துக்குப் போன சரோஜக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஊரில் அந்த வீட்டுக்குக் கடைசிவரை கூரை போடவில்லை. உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் முழுதாகச் சாத்துவதில்லை.

இத்தனை வருடமும் நான் அந்தப் பையனை வெறுத்தேன். அடித்தவர்களைவிட, தான்தான் கொடுத்தேன் என்று சொல்லாமல் நின்றவன் மேல்தான் எனக்கு ஆத்திரம். போன மாதம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

“அவன் ஏம்மா வாயத் தொறக்கல?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “யாரு சொன்னா தொறக்கலன்னு? நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்னு அழுதுக்கினே அவங்க அம்மா கையில தொங்கனான். யாரு கேட்டாங்க? அவனுக்கும் ரெண்டு அறை உழுந்துச்சு.”

வலது கையால் தோலை ஒதுக்கிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“இப்ப உன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. எங்க கீறானோ.”