கேமராவுக்கு யாரிடம் அனுமதி கேட்பது

பிள்ளைகளே, நம் வீட்டு லேப்டாப்பில் கேமரா பூட்டிக்கொண்ட கதையை அரைகுறையாகக் கேட்டு நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். அப்போது நான் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது பழைய லேப்டாப். திறந்தால் செய்தி, வானிலை, விளையாட்டு, விளம்பரம் என்று நாம் கேட்காததெல்லாம் முதலில் வந்து உட்காரும். உங்கள் அக்காவின் பாடம் கடைசியில்தான் வரும். அவளுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வை வீடியோவில் வைப்பதாகக் கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார்கள். முகம் தெரியாவிட்டால் தேர்வு இல்லை. நடுவில் மெஷின் நின்றுவிடுமோ என்று பயந்து, வேண்டாததை நீக்கும் இலவச மென்பொருள் ஒன்றை யூடியூப் பார்த்து நானே இறக்கிப் போட்டேன்.

வரிவரியாக இங்கிலீஷ், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை எவ்வளவு வெட்டினாலும் துளிர்த்துவிடும் என்று பழகிய கை. எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். மெஷின் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் அக்கா பேசிப் பழக உட்கார்ந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது.

"அப்பா, கேமராவத் தொறக்க விடமாட்டேங்குது. இத ஒங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

"நமக்கு ஏது புள்ள நிறுவனம்? தோட்டந்தானே?"

"தெரியலப்பா. அப்பிடித்தான் போட்டிருக்கு."

தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு கூரைத் தகரம் மாற்றவும், பின்னால் சமைக்க ஒரு குசினி இறக்கவும் தோட்டத்துத் துரையின் ஆபீசில் கேட்டுத்தான் செய்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து அப்படி. இதற்குள்ளும் தோட்டம் வந்துவிட்டது என்றே நம்பினேன். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த கையோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன்.

"கிளாக்கரையா, மகளுக்கு நாளைக்குப் பரீட்சங்க. கேமராவ மட்டும் தொறந்துவிடச் சொல்லி தொரைகிட்ட சொல்லுங்கையா."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "தொரைக்கு அவரோட கம்ப்யூட்டரத் தொறக்கவே நான் போகணும். ஒன்னோடத எங்க போய்யா பூட்டுவாரு? போ, மலைக்குப் போ."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். இல்லை என்று சொன்னால்கூடக் கெஞ்சலாம். யாரிடம் கெஞ்சுவது என்றே தெரியவில்லை. அன்று முழுக்கத் தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகளை வெட்டினேன், பனிமூட்டத்தில் அடுத்த நிரைகூடத் தெரியவில்லை. வேலை விட்டதும் லேப்டாப்பை உரப்பையில் சுற்றிக்கொண்டு மழையோடு ராகலை டவுனுக்கு பஸ் ஏறினேன். அங்கே போன் திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவரை, நானா என்று கூப்பிடுவோம், அவரைத்தான் எனக்குத் தெரியும்.

அவர் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "தோட்டமும் இல்ல, கம்பனியும் இல்ல அண்ணே. நீங்க போட்ட மென்பொருள்தான் கேமராவப் பூட்டியிருக்கு. யாரு பூட்டினாலும் மெஷின் இப்பிடித்தான் சொல்லும். கட்டத்துல சரி போட்டது யாரு?"

"நாந்தான்."

"அப்ப அந்த நிறுவனம் நீங்கதான். வாங்க தொர, உக்காருங்க. குடிக்க ஒரு பிளேண்டி சொல்லவா?"

அதே மென்பொருளில் ஒரு கட்டத்தில் இருந்த சரியை எடுத்துவிட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டார். கேமரா அனுமதியைப் போட்டு அணைக்கும் இடத்தையும் காட்டினார். நனைந்த தலையோடு என் முகம் திரையில் வந்தது.

மறுநாள் அக்கா தேர்வில் பேசினாள். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் வெளியே நின்றேன். முடிந்ததும் அவள் அம்மாவிடம் சொல்லக் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடினாள்.

வீட்டில் நான் மட்டும். லேப்டாப்பைத் திறந்து, நானா காட்டிய இடத்தில் கேமரா அனுமதியை அணைத்தேன். திரை கறுத்தது. பிறகு நானே போட்டேன். என் முகம் வந்தது. இன்னொரு தரமும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மூடி வைத்தேன்.