டவர் பாறையில் பெயர் கூப்பிட்டவள்

புதூர்நாட்டுப் பக்கத்து ஊர் அது. சாமை அறுத்துவிட்டால் புளி உலுக்கும் வரை அங்கே யாருக்கும் பெரிதாக வேலை இல்லை. பகல் சோறு முடிந்ததும் ஊரே டவர் பாறைக்கு ஏறிவிடும். செல்போனுக்கு அங்கே மட்டும்தான் சிக்னல். முப்பது நாற்பது பேர் காதில் ஒயரோடு தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பேச்சு எழாது.

பாஞ்சாலி மட்டும் போவதில்லை. புருஷன் குடகுக்குக் காப்பித்தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். அவளுக்கு ஆறு ஆடுகள்தான் துணை.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம் ஆடு ஒன்று பாறைப் பக்கம் ஏறிவிட்டது. விரட்டிக்கொண்டு போனவள் ஊர்ப் பெரியவர் சடையனைப் பார்த்தாள். பாறையில் சாய்ந்திருந்தார். மடியில் கிடந்த போனில் ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடியது. அவர் திறந்த கண்ணின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்தது.

தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லென்றிருந்தது.

"ராஜ்குமாரு, இவுரு எப்பலருந்து இப்டி இருக்காரு?"

தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த ராஜ்குமார் தலையைத் தூக்கவில்லை. "இன்னாக்கா, இப்பதான சிரிச்சாரு!"

அவள் பார்த்தபோதே உயிர் போய் நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

காரியம் முடியும் வரை யாரும் பாறைக்குப் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். சடையன் சாய்ந்திருந்த இடத்தில் தீர்த்தகிரி போய் உட்கார்ந்தான்.

பாஞ்சாலிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ஆடுகளைக் கட்டிவிட்டுப் பாறைக்குப் போனாள். ஒவ்வொருவர் எதிரிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ம்" என்று பதில் வராமல் நகரமாட்டாள். முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. தலை தூக்காமலே "ம்" சொன்னார்கள்.

மாசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு ஏறினாள். எல்லோரும் அப்படியே இருந்தார்கள்.

முதலில் இருந்த இளவரசியிடம் கேட்டாள்: "ரெண்டு நாளா நா வர்லியே, ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"வந்தியேக்கா. நேத்துகூட என் பேர சொல்லிக் கூப்ட்ட, நா ம்னு சொன்னேன்."

"நா வூட்ல காய்ச்சல்ல படுத்துனு கெடந்தேன்டி."

"எனக்குந்தான் கேட்டுச்சு. ரெண்டு வாட்டி கூப்ட்டியே," என்றான் பக்கத்தில் இருந்த ராஜ்குமார், குனிந்தபடியே.

பாஞ்சாலி சுற்றிலும் பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்தது, காற்றுகூட இல்லை.

அன்றைக்கு அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. இளவரசியின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"என் மூஞ்சிய நல்லாப் பாரு. இனிமே எவ வந்து கூப்ட்டாலும், மூஞ்சியப் பாக்காம ம் சொல்லாத."

ஒருவர் விடாமல் எல்லோர் முகத்தையும் அப்படியே நிமிர்த்திக்கொண்டு போனாள். அவளை இன்னாரென்று கண்டுகொள்ளச் சிலருக்கு வெகுநேரம் பிடித்தது.