மச்சானுக்கு விரோதமாக ஒரு பிரசங்கம்

சம்பளமே இல்லாமல் எல்லோரிடமும் குறை கேட்கிற வேலை ஒன்று உண்டென்றால், அது முறை வைத்துப் பிரசங்கம் பண்ணுவதுதான். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஜெபவீட்டுக்குப் பாஸ்டர் கிடையாது. ஏழு குடும்பம், வாரத்துக்கு ஒருவர் பேச வேண்டும். நான் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வாட்டுகிறேன். உங்கள் சபையிலும் இதே கதி என்றால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

கன்றுக்குட்டி

என்ன பேசப்போகிறோம் என்று நாங்கள் முன்கூட்டிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆவியானவர் நடத்துவார் என்பது கொள்கை. அவரும் நடத்தினார், மூன்று வாரம் தொடர்ந்து மூன்று பேர், ஓடிப்போன மகன் திரும்பி வந்ததும் அப்பா கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிற கெட்ட குமாரன் கதையையே எடுத்தோம். மூன்றாவது ஆள் நான். அவன் பன்றித் தவிட்டுக்கு ஏங்கும் இடத்தில் கண்ணீர்கூட விட்டேன். ஒருவரும் அசையவில்லை. வாசலில் ரூத் அக்கா பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

"அந்தப் பய இனி வீட்டோட இருக்கட்டும் தம்பி. வாரா வாரம் திரும்பி வந்தா, அவங்கப்பா கன்னுக்குட்டிக்கு எங்க போவாரு?"

அரைப் பேரு

கங்காணி பால்ராஜ் அண்ணன், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்பியே பழகியவர். அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது ரூத் அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தார். அண்ணன் வேதாகமத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நேரம் போச்சு, இன்னைக்குப் பேரு இல்ல, வீட்டுக்குப் போ" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அக்கா நிதானமாகப் பாயில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

"அரைப் பேராவது போடுங்க கங்காணி. நீங்க இன்னும் பாதிகூட முடிக்கலையே."

குழாய்

என் தங்கை மெர்சியும் அவள் புருஷன் ஸ்டீபனும் மேட்டு லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார்கள். மலையிலிருந்து இரண்டு லயத்துக்கும் பொதுவான பீலியில் விழும் தண்ணீரை மச்சான் ரப்பர் குழாய் போட்டுத் தன் லீக்ஸ் பாத்திக்குத் திருப்பிக்கொண்டார். எங்கள் லயத்துக்குச் சொட்டுகூட வரவில்லை. நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் என் முறை வந்துவிட்டதே! தண்ணீர்த் துரவுக்காக ஈசாக்கோடு சண்டை போட்ட மேய்ப்பர்களைப் பற்றி, மச்சானைப் பார்த்தபடியே பேசித் தீர்த்தேன். எதிராளி எழுந்து பதில் சொல்ல முடியாது என்பது இந்த வேலையில் உள்ள ஒரே வசதி.

அடுத்த வாரம் அவர் முறை. தண்ணீருக்காகக் கோபத்தில் கன்மலையை அடித்த மோசே, கடவுள் வாக்களித்த கானானுக்குள் போகவே இல்லை என்று, என்னைப் பார்த்தபடியே முடித்தார். வாசலில் கை நீட்டினார். நான் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டேன். பின்னாலிருந்து ரூத் அக்கா குரல் கேட்டது.

"அடுத்த வாரம் யாரும் நோவாவோட வெள்ளத்த எடுத்துறாதீங்க. லயம் தாங்காது."

வீடு சந்திப்பு

அதற்குப் பிறகு மெர்சி வீட்டார் வரவில்லை. எனக்கு ஒரே தங்கை. அவள் உட்காரும் பாய் மூலை காலியாகவே கிடந்தது. வராதவர்களை, அந்த வாரம் பேசுகிறவர் வீட்டுக்கே போய் ஜெபித்து அழைத்துவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒவ்வொருவராகப் போய்த் தோற்றார்கள். கடைசியில் முறை சுற்றி என் தலையிலேயே விழுந்தது.

மன்னிப்பைப் பற்றி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். மச்சான் பீலியடியில் குழாயை வெட்டி, இரண்டாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனை எங்கள் லயத்தைப் பார்த்துக் கிடந்தது. அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்து, அவர் கட்டி முடிக்கும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கடமைக்கு வேதாகமத்தைத் திறந்தேன். மெர்சி கோப்பையோடு வந்து நின்றாள்.

"அத மூடி வைங்கண்ணே. ஞாயித்துக்கெழம வந்து கேக்குறோம், இப்ப தேத்தண்ணி ஆறுது."

இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல பிரசங்கம் அதுதான் என்று சபையே சொல்கிறது. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.