தணிகாசலம் முறுக்கிய ஹோஸ்

ஆவடி பக்கம் சேக்காட்டு மெக்கானிக் தணிகாசலம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் தெருமுனை பேனரில் ‘எஞ்சின்களின் மன்னர்’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு யாருக்கும் சிரிப்பு வராததுதான் எனக்கு ஆச்சரியம்.

அம்பத்தூரில் எனக்கு ஹோஸ் கடை. எஞ்சின் ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்கள் பழைய கார்களில் வெடித்துக் கசியும். அதைக் கழற்றிக் கொண்டுவந்தால் அதே அளவில் புதிது செய்து தருவேன். தணிகாசலமும் வருவார். வாங்குவதற்கு முன் திட்டுவார். “இன்னாமே இது, செடிக்குத் தண்ணி ஊத்துற டியூபாட்டம் கீது?” பொம்பளை செய்த பொருள் என்றால் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். தொழில் கற்ற நாளோடு மூளைக்கு ஷட்டர் போட்டுவிட்ட மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் மாட்டிய ஹோஸ் பட்டாபிராம் அருகே கிழிந்தது. ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டி, ஒரு டாக்சிக்காரரின் எஞ்சின் ஜாம் ஆனது. “அந்தம்மா கடை சரக்கு, அப்டித்தான் இருக்கும்” என்று ஆவடி முழுக்கப் பரப்பிவிட்டார். மெக்கானிக்குகள் என் கடைக்கு வருவது நின்றது. நான் அவர் ஷெட்டுக்கே போய்க் கிழிந்த ஹோஸைப் பார்த்தேன். ஹோஸின் மேல் நேராக ஓட வேண்டிய வெள்ளைக் கோடு சுற்றிச் சுற்றிக் கிடந்தது. ஹோஸின் முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொன்றால் இறுக்க வேண்டும். மன்னர் ஒற்றை ஸ்பேனரால் இறுக்கி, ஹோஸையும் சேர்த்து முறுக்கிக் கிழியவைத்திருந்தார்.

“கோட்டைப் பாருங்கண்ணே” என்றேன்.

“கோடு இன்னா கோடு? நான் ஸ்பேனர் புடிச்சப்போ நீ பொறக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாவு வீட்டில் ஆளாளுக்கு அவர் பெருமை பேசினார்கள். உறவினரை அழைத்துவர தணிகாசலத்தின் பழைய காரை எடுத்தார்கள். மகன் கோபி பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். கூலருக்குப் போகும் ஹோஸ்கள் இரண்டும் புதிது. முனையில் என் கடை முத்திரை. வெள்ளைக் கோடு கொஞ்சமும் திரும்பாமல் நேராக ஓடியது.

“இது ஏதுடா?” என்றேன்.

“அந்த டாக்சி மேட்டருக்கு அப்பால வேற ஆள உட்டு வாங்கினு வர சொன்னாருக்கா. ரெண்டு ஸ்பேனர் போட்டு அவரே மாட்டுனாரு. யாராண்டையும் சொல்லாதன்னாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் பேசினார் என்றால் மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகும் ஊரிடம் என் சரக்கு மட்டம் என்றே சொல்லிக்கொண்டு, தன் வண்டிக்கு அதையே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சாவு வீடு என்றும் பார்க்கவில்லை. அங்கு நின்ற மெக்கானிக்குகளை எல்லாம் பானெட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். “இது யார் கடை ஹோஸுன்னு இவங்களுக்குச் சொல்லு” என்றேன். கோபி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை போட்டேன், கும்பிடவில்லை. என் சரக்கில் குறை இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை அவருடைய மகன் சொல்லிவிட்டான். அவர் வாயால் சொல்லாமல் போன கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.