காய்ச்சல்காரன் கண்ணாடிக்குள்

மலாய் நாட்டில் வேலையாட்களைக் கழித்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த மந்தகாலம் அது. நாலு பிள்ளைக்குத் தகப்பன், ரயில்வே குமாஸ்தா, அடக்க ஒடுக்கமாக இருந்திருக்க வேண்டியவன் நான். என்ன செய்தேன்? ஒரு புதன்கிழமை, காய்ச்சல் என்று ஆபீசுக்குச் சீட்டு அனுப்பிவிட்டு, பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் பந்தாட்டம் பார்க்கப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது, பிரிக்பீல்ட்ஸ் போட்டோக் கடைக் கண்ணாடிக்குள் என்னையே கண்டேன். கிள்ளான் திடலில் நூறு பேர். எல்லாருக்கும் முன்னால், கையில் அன்னாசித் துண்டோடு, அப்படியொரு ஆரோக்கியத்தோடு நான். படத்தின் அடியில் வெள்ளை மையில் ஊரும் தேதியும். எங்கள் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் நடக்கிற வழி அது!

கடைக்காரச் சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் முதலாளி, எங்கள் தெருவில் இருபது வருஷமாக இருப்பவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. "தவுக்கே, வேலை போயிடும், எடுத்துடுங்க" என்று கெஞ்சினேன்.

"அண்ணே, நான் ஒங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தேனா? பொதுத் திடல்ல நின்னீங்க, புடிச்சேன். படப்பெட்டியப் பாத்ததும் மீசைய முறுக்கிட்டு முன்னால வந்தது யாரு? நானா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன் லா. இப்ப படத்துல இருக்கற மத்தவங்க தெனம் வந்து பாத்துச் சந்தோசப்படுறாங்க."

மீசையைத் தடவிக்கொண்டே வீடு திரும்பினேன். எனக்கும் மூளை இருந்ததே! படத்தில் இருப்பவன் மீசைக்காரன். மீசை இல்லாதவன் வேறு ஆள். மறுநாள் விடிந்ததும் மழித்துவிட்டேன்.

மனைவி காப்பியோடு வந்து அப்படியே நின்றாள். "ஐயோ, மாமா ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரே! ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே ஒப்பாரி வருது."

தகப்பன் செத்தால்தான் மீசை எடுப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒட்டவைக்கவா முடியும்? ஆபீசில் நுழைந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். பெரிய கிராணி, எங்கள் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்தார், சிரித்தே நான் பார்த்ததில்லை, எழுந்து வந்துவிட்டார்.

"எப்ப காணும் செய்தி வந்தது? தகப்பனோ? மூண்டு நாள் லீவு எடும்."

தலையை ஆட்டினால் போதும். லீவும் கிடைக்கும், மீசைக்குக் காரணமும் கிடைக்கும். ஆனால் உயிரோடு இருக்கிற அப்பாவை என் வாயால் எப்படிக் கொல்வது? "அப்பா நல்லா இருக்காருங்க ஐயா. காய்ச்சல்தான் பொய். கிள்ளானுக்குப் பந்து பாக்கப் போனேன்" என்று உளறிவிட்டேன். 

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியும். நேற்றே படத்தைக் கண்டனான், தேதியையும் கண்டனான். கழிக்கிற ஆக்களின்ர பேர் மேலிடத்திலை கேக்கினம். உம்மடை பேரை எழுத மனம் வரேல்லை, நீராய் வந்து சொல்லுவீரோ எண்டு பாத்தனான். அந்த ஒரு நாளைச் சம்பளமில்லா லீவாய் எழுதித் தாரும். அதுக்கு மீசையை ஏன் சாகடிச்சனீர் காணும்?"

பதினோரு வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் போட்டோக் கடை வாசலில் ஒரே கூட்டம். கண்ணாடியில் சரியாக என் முகத்தின்மேல் மட்டும் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "யாரு இந்த ஆளு? போலீஸ் தேடுதாமா?" என்றார் ஒருவர். காலைவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத என்னைத் தெருவே தேடிக்கொண்டிருந்தது.

தவுக்கே பெருமையோடு வெளியே வந்தார். "யோசிச்சேன் அண்ணே. திடல் எல்லாருக்கும் சொந்தம், மூஞ்சி ஒங்களுது. நாலு புள்ளைக்காரரு, வேலை போனா பாவம் லா."

அவரைக் கும்பிட்டேன். "காகிதத்த எடுத்துடுங்க தவுக்கே. ஆபீஸ்ல உண்மையச் சொல்லிட்டேன். இனிமே யாரு பாத்தா என்ன."

ஈரத்துணியால் அவர் காகிதத்தை உரித்தார். கூட்டம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. "ஒங்க அண்ணனா?" என்று கேட்டார்கள். "ஆமா, உருப்படாதவன்" என்றேன்.

அதற்குப் பிறகு தவுக்கே படம் பிடிக்கப் போகும் இடமெல்லாம் கேமராவின் முக்காலியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: 'படத்தில் விழ விரும்பாதவர் கை தூக்கவும்.' மலாய் வரியும் சீன வரியும் அவர் எழுதியவை. தமிழ் வரியை, நன்றிக்கு வேறு வழி தெரியாமல், நான் எழுதிக் கொடுத்தேன். யாராவது கை தூக்கினால், கை தூக்கியவர் கடந்து போகிறவரை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி வேர்த்து ஒழுகக் காத்திருப்பார் அந்த மனிதர்.